பூக்காத புல்லுக்குப் பெயர் சொன்னவர்

சகலை புல்லைத் தின்றுகொண்டிருந்தார்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சகலைக்குப் பசிகூட இல்லை. நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார். சுற்றி நின்ற எட்டுப் பேரும் மூச்சு விடாமல் அவர் வாயையே பார்த்தார்கள். அந்த எட்டுப் பேரில் நிலையத்தின் தலைவியான மேடம் ஒருவர். லென்ஸ்காரர் இன்னொருவர்.

"இது நம்ம புல் இல்ல மேடம்," என்றார் சகலை, துப்பிவிட்டு. "எங்கிருந்தோ வந்த களை. இதை நட்டா ரெண்டே வருஷத்துல சரிவு முழுக்கப் பரவிடும். மத்த எதையும் தலையெடுக்க விடாது."

மேடம் திரும்பினார். "லென்ஸ் சார், நீங்க என்ன சொல்றீங்க?"

லென்ஸ்காரர் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்து, நாற்றை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். பச்சையாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"பூக்கட்டும் மேடம். பூத்ததும் சொல்றேன்."

"பூத்தா நானே சொல்லிடுவேனே," என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸ்காரரும் சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான். வயிறு எரிந்துகொண்டிருந்தது. முப்பது தட்டு நாற்றும் அன்றே குப்பைக் குழிக்குப் போயின.

அது ஒரு காலத்தில் கல்குவாரி. மலையைக் குடைந்து கல்லை எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த மொட்டைச் சரிவில் மண் கொட்டி, அந்த மண்ணுக்கே உரிய புற்களை நட்டு, நிலத்தை மறுபடி நிலமாக்குவதுதான் நிலையத்தின் வேலை. முதலில் புல் மண்ணைப் பிடிக்க வேண்டும், பிறகு புதர், பிறகு மரம். தப்பான புல் போனால் எல்லாமே தப்பு. அதனால் நாற்றங்காலிலிருந்து ஒரு தட்டு வெளியே போக வேண்டுமென்றால், உள்ளே இருப்பது இன்ன புல் என்று ஒருவர் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடமாக அந்தக் கையெழுத்து லென்ஸ்காரருடையது.

இதில் ஒரு ரகசியம் உண்டு. பூத்த புல்லுக்கு முன்னால் லென்ஸ்காரர் ராஜா. கதிரைப் பார்த்ததும் குலம் கோத்திரம் சொல்லிவிடுவார். பூக்காத புல்லுக்கு முன்னால் அவரும் நம்மைப்போல ஒருவர்தான். இலையும் தண்டும் சேரும் இடத்தில் உள்பக்கம் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அது சவ்வா முடியா என்று பார்க்க வேண்டும், தண்டு உருண்டையா தட்டையா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பார்த்தால்தான் ஒன்றும் தெரியாது. ஆகவே விதைப் பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருந்ததோ, அதையே பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடத்தில் யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். பார்த்துக்கொண்டிருந்த விதைப் பண்ணை வேலை போய்விட்டது என்று மனைவி மூக்கைச் சிந்தியதால், மேடத்திடம் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவரே லென்ஸ்காரர்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததுமே மனைவி கேட்டாள்.

"என்னங்க, உங்க சகலை இன்னிக்கு முப்பது தட்டுக் களையைப் பிடிச்சாராமே? தங்கச்சி சொன்னா."

"பிடிக்கல. தின்னாரு."

"எப்படியோ கண்டுபிடிச்சாருல்ல? கழுத்துல லென்ஸை மாட்டிக்கிட்டு இருபது வருஷமா நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

பதில் சொல்வதற்குள் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லுவாங்க மாப்ளே. சின்ன மாப்பிள்ளையைப் பாத்துத்தான் அதுக்கு அர்த்தமே புரிஞ்சுது."

"நானும் புல்லுதான் மாமா பாக்குறேன்."

"பாக்கத்தானே செய்யறீங்க!" என்று சொல்லிவிட்டு மாமனார் மனம்விட்டுச் சிரித்தார்.

லென்ஸ்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. சகலைக்கு நல்ல உயரம். தலையில் முடி இருந்தது. யார் என்ன சொன்னாலும் கோபம் வராது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட லென்ஸ்காரரால் புல்லைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புல் அவருடையது.

மறுநாள் மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"மழைக்கு முன்னாடி பெரிய சரிவு முழுக்க நடப்போறோம். அதுக்கான பட்டியல்ல யார் கையெழுத்துப் போடறதுன்னு எனக்கே குழப்பமா இருக்கு. அதனால ஒரு சோதனை வைக்கிறேன். பன்னெண்டு வகைப் புல், பன்னெண்டு பொட்டலம். பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். நாத்துக்காரம்மா விதைச்சு வளர்ப்பாங்க. நாப்பது நாள் கழிச்சு, பூக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரும் பாத்துப் பேர் எழுதணும். யாருக்கு மார்க் அதிகமோ, இனிமே எல்லாப் பட்டியலிலயும் அவர் கையெழுத்துதான்."

"அண்ணா இருக்கும்போது நான் எதுக்கு மேடம்?" என்றார் சகலை.

"பயப்படாதீங்க தம்பி, கலந்துக்கங்க," என்று அவர் தோளில் தட்டினார் லென்ஸ்காரர்.

நாற்பது நாளில் பூக்காத புல்லைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தார். இரண்டு நாள் முயற்சியும் செய்தார். ஒரு நாற்றைக் கடித்துப் பார்த்ததில் நாக்கு வெட்டுப்பட்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள், கற்றுக்கொள்வதைவிட எளிதான வழி ஒன்று மேடத்தின் மேஜை இழுப்பறைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

மேடம் சாப்பிடப் போனதும் உள்ளே நுழைந்தார். இழுப்பறைக்குப் பூட்டு இருந்தது, சாவியும் அதிலேயே இருந்தது. உள்ளே மேடத்தின் கையெழுத்தில் ஒரு தாள். ஒன்று, மயில்கொண்டைப்புல். இரண்டு, நாணல். மூன்று, காக்கைக்கால் புல். இப்படிப் பன்னிரண்டு. லென்ஸ்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பதறிப்போய் எதையெதையோ அழுத்திப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் திரையைச் சரிசெய்கிற மாதிரி நின்றார். வந்தது மேடம் இல்லை, தபால்காரர்.

தன் இடத்துக்கு வந்து போனைப் பார்த்தபோதுதான், அழுத்தியது எதையென்று தெரிந்தது. படம் குடும்பக் குரூப்பில் போய் உட்கார்ந்திருந்தது. மாமனார் ஆரம்பித்த குரூப். அதில் மாமனார், மாமியார், மனைவி, மைத்துனி, எல்லாவற்றுக்கும் மேலாக, சகலை.

உடனே அழித்தார். அழித்த பிறகு பார்த்தால், மாமனாரின் கட்டைவிரல் ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்து மாமனாருக்குப் போன் போட்டார்.

"மாமா, குரூப்புல தெரியாம ஒண்ணு அனுப்பிட்டேன்..."

"பாத்தேன் மாப்ளே, பாத்தேன்! என் மூட்டுவலி உங்களுக்கு ஞாபகம் இருக்கே, அதுவே பெரிசு. பன்னெண்டு மூலிகை! உங்களுக்கு வேலை ஜாஸ்தி, எங்க தேடி அலையப்போறீங்க? அதான் படத்தை எடுத்துச் சின்ன மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேன். பறிச்சுத் தரச் சொல்லிட்டேன்."

லென்ஸ்காரருக்குக் கண் இருட்டியது. "அவரு... பாத்தாரா?"

"பாத்துட்டு 'சரி மாமா'ன்னு போட்டாரே! தங்கமான பிள்ளை."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. நாலு எட்டு நடந்திருப்பார், நாற்றங்கால் பக்கமிருந்து சகலையே சிரித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, மாமா ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தார். மூட்டுவலிக்காம். அதுல பாதியை மாடுகூடத் தொடாது! ஏதோ தப்பா வந்திருக்கும்னு அழிச்சுட்டேன்."

லென்ஸ்காரர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். புரிந்து சிரிக்கிறாரா, புரியாமல் சிரிக்கிறாரா? ஒரு புல்லைப் பார்த்தால் பூக்கும்வரையாவது காத்திருக்கலாம். இந்த முகம் எப்போது பூத்துத் தொலைக்கும்?

இனி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். அழித்தாலும் சகலை பார்த்தது பார்த்ததுதான். தனக்கும் பன்னிரண்டு, அவருக்கும் பன்னிரண்டு. சமமாகிவிடும். சமம் என்றால் மேடம் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று லென்ஸ்காரருக்குச் சந்தேகமே இல்லை. தலையில் முடி இருக்கிறவரைத்தான்.

ஒரு வாரம் யோசித்தார். பிறகு மேடத்தின் முன்னால் போய், முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், தப்பா நினைக்கக் கூடாது. அந்தச் சோதனை லிஸ்ட்... இழுப்பறையில சாவி தொங்கிட்டே இருக்கு. யாராவது பாத்திருந்தா? நான் யாரையும் சொல்லல. நம்பரை மாத்திட்டீங்கன்னா நல்லது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படி யோசிக்க ஒரு நேர்மை வேணும் சார்."

"ஏதோ என்னால முடிஞ்சது," என்றார் லென்ஸ்காரர்.

அன்று மத்தியானமே மேடமும் நாற்றுக்காரம்மாவும் சோதனைத் தட்டுகள் இருந்த வலைக் கொட்டகைக்குள் போய், தட்டுகளில் குத்தியிருந்த நம்பர் குச்சிகளைப் பிடுங்கி மாற்றிக் குத்தினார்கள். புது லிஸ்ட் மேடத்தின் கைப்பைக்குள் போய்விட்டது. கைப்பை மேடத்தின் தோளிலிருந்து இறங்கவே இல்லை.

இப்போது சகலை பார்த்து வைத்திருப்பது பழைய லிஸ்ட். அது செல்லாது. மகிழ்ச்சிதான். ஆனால் லென்ஸ்காரரிடம் இருப்பதும் அதே பழைய லிஸ்ட்தான் என்பது வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில்தான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்தது ஒரே வழி, நாற்றுக்காரம்மா. ஐம்பது வயதிருக்கும். நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து ஹோஸ் பிடிக்கிறவர், யாரோடும் அதிகம் பேசாதவர். வலைக் கொட்டகையின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. யாரையும் உள்ளே விடுவதில்லை. லென்ஸ்காரர் வலைக்கு வெளியே நின்று இரண்டு மூன்று தடவை கனைத்தார்.

நாற்றுக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த ஹோஸ் கீழே விழுந்தது.

"சார்... என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் பன்னெண்டு தட்டு விஷயமா..."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா சார்?"

'குச்சி மாற்றியது எனக்குத் தெரிந்துவிட்டது என்று பயப்படுகிறாள்' என்று நினைத்துக்கொண்டார் லென்ஸ்காரர். பயந்தவர்களிடம் வேலை சுலபம்.

"எல்லாம் தெரியும்," என்றார், குரலைத் தாழ்த்தி.

"நான் வேணும்னு செய்யல சார். ரெண்டு பொண்ணு படிக்குது சார். மேடம் காதுக்குப் போச்சுன்னா வேலை போயிடும். வெளிய சொல்லிடாதீங்க சார்!"

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? எந்தக் குச்சி எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய வராது."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

நாற்றுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டகைத் தூணில் கரியால் கிறுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். ஒன்று ஐந்தாகியிருந்தது. இரண்டு பதினொன்றாகியிருந்தது. ஏழு நான்காகியிருந்தது. லென்ஸ்காரர் இந்தத் தடவை போனைத் தொடவில்லை. பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, வழி முழுக்கக் கையைக் கழுவாமல் வீட்டுக்கு வந்தார்.

"கையில என்னங்க?" என்றாள் மனைவி.

"தலையெழுத்து."

"எல்லாருக்கும் அது தலையில இருக்கும். உங்களுக்கு அதுவும் எடம் மாறிப்போச்சு," என்றாள் மனைவி.

சோதனை நாள் வந்தது. வலைக் கொட்டகைக்குள் நீள மேஜையில் பன்னிரண்டு தட்டுகள் வரிசையாக இருந்தன. நிலையத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். நாற்றுக்காரம்மா மூலையில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

லென்ஸ்காரர் ஒவ்வொரு தட்டாக நின்றார். லென்ஸை வைத்தார், 'ம்ம்' என்றார், எழுதினார். ஐந்தில் மயில்கொண்டைப்புல், பதினொன்றில் நாணல், நான்கில் ஊசிப்புல். மனப்பாடம் செய்ததை எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் பார்க்கிறவர்கள் திருப்திக்காக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சகலை அப்படி இல்லை. முதல் தட்டில் ஒரு நாற்றைக் கடித்தார். இரண்டாம் தட்டில் கடித்தார். நெற்றி சுருங்கியது. மூன்றாம் தட்டுக்குப் போய்விட்டு முதல் தட்டுக்குத் திரும்பி வந்தார். தண்டை விரலில் உருட்டினார், இலை மடிப்பைப் பிரித்தார், முகர்ந்தார். பன்னிரண்டையும் கடித்து முடித்ததும், தலையைச் சொறிந்துகொண்டு மூலையில் நின்ற நாற்றுக்காரம்மாவை ஒரு தடவை பார்த்தார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சகலை பெருமூச்சு விட்டு, இரண்டே நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

'பழைய லிஸ்டும் தட்டும் ஒத்துவரல, பாவம் குழம்பிட்டான்' என்று லென்ஸ்காரருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

மேடம் முதலில் லென்ஸ்காரரின் தாளைத் திருத்தினார். ஒன்று சரி, இரண்டு சரி, மூன்று சரி. பன்னிரண்டாவதும் சரி என்றதும் கைதட்டல் எழுந்தது.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு! எப்படி சார்? கொஞ்சம் விளக்குங்க, எல்லாரும் கத்துக்கட்டும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வெற்றி பெற்றவனுக்கு வாய் தானாக வரும்.

"பாருங்க, இந்த அஞ்சாம் தட்டு. இலை எப்படி வெளிறி, குட்டையா இருக்கு? மயில்கொண்டைக்கே உரிய குணம். இந்தப் பதினொண்ணு, பாருங்க, தளதளன்னு ஆளுயரத்துக்குப் போகத் துடிக்குது. நாணல்னு அதுவே சொல்லுது. நாலாம் தட்டுல நாக்கு சவ்வு மாதிரி, ஆறாம் தட்டுல அதுவே முடி மாதிரி. பழகின கண்ணுக்குப் பளிச்சுனு தெரியும். ரெண்டும் எலியும் யானையும் மாதிரி."

எல்லோரும் குனிந்து எலியையும் யானையையும் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்புகூட எடுத்துக்கொண்டார்.

மேடம் சகலையின் தாளை எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"என்ன இது? பன்னெண்டுக்கும் ஊசிப்புல், ஊசிப்புல்னே எழுதியிருக்கீங்க?"

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது மேடம்," என்றார் சகலை.

கொட்டகையே சிரித்தது. பன்னிரண்டுக்கு ஒன்று. லென்ஸ்காரரும் ஆனந்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சகலையைத் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் ஒன்றாகவா தெரிந்தது? வாயில் போட்டதும் களையைச் சொன்னவனுக்கா? இல்லை. இவன் வேண்டுமென்றே தோற்றிருக்கிறான். அண்ணன் இருபது வருடம் இருந்த இடமாயிற்றே என்று விட்டுக்கொடுத்திருக்கிறான்!

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். செய்தி அதற்குள் போயிருந்தது.

"என்னங்க, ஜெயிச்சுட்டீங்களாமே."

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு!"

"அது கிடக்கட்டும். உங்களுக்காகத் தங்கச்சி வீட்டுக்காரர் விட்டுக்குடுத்துட்டாராம். அப்பா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார். இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்வா? எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"யார் சொன்னது விட்டுக்குடுத்தாருன்னு?"

"யாராவது சொல்லணுமா? தெரியாதா எங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜெயித்தால் பொறாமை தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? லென்ஸ்காரருக்கு அது இரட்டிப்பாகிவிட்டது. நாற்பது நாள் தூக்கத்தைத் தொலைத்து, இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கையில் எழுதி, இவ்வளவு பாடுபட்டு ஜெயித்தது அவர். நல்ல பெயர் மட்டும் தோற்றவனுக்கு! போதாததற்குச் சகலை நேரே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணா."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. இவன் விட்டுக்கொடுக்கவில்லை, இவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று உலகத்துக்கு நிரூபித்தாக வேண்டும்.

"மேடம்," என்றார் லென்ஸ்காரர் சத்தமாக. "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சொந்தக்காரர் வேற. ஆனா நிலத்துக்கு முன்னாடி சொந்தம் பாக்க முடியாது. எல்லாப் புல்லும் ஒண்ணாத் தெரியற ஒருத்தர் பேச்சைக் கேட்டு, நாம முப்பது தட்டைக் குப்பையில கொட்டினோமே?"

மேடம் சகலையை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆமா. அந்த முப்பது தட்டும் நல்ல நாத்தா இருந்திருந்தா? நாலு மாசமா நீங்க சொன்ன ஒவ்வொண்ணையும் நம்பி நட்டிருக்கேன். இப்ப அத்தனையும் சந்தேகம்தானே?"

"அது களைதான் மேடம்," என்றார் சகலை மெதுவாக.

"இன்னிக்கு எழுதினதும் நிச்சயமாத்தானே எழுதியிருப்பீங்க?"

"ஆமா மேடம்."

"அப்புறம் என்ன பேச்சு?" மேடம் பட்டியல் பதிவேட்டைத் திறந்து லென்ஸ்காரர் முன்னால் வைத்தார். "இந்தப் பன்னெண்டு தட்டும் நாளைக்குச் சரிவுக்குப் போகுது. தனித்தனியா பன்னெண்டு பாத்தி. நீங்க சொன்ன பேர்லயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்." பிறகு சகலை பக்கம் திரும்பினார். "நீங்க நாளையிலேருந்து வர வேண்டாம். மன்னிச்சுக்கங்க. தெரியாத வேலையில ஒருத்தரை வச்சிருக்க முடியாது."

இப்போதுதான் சகலையின் முகம் மாறியது. வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தவர், நாற்றுக்காரம்மா நின்ற மூலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையை மெதுவாகக் கழற்றினார்.

லென்ஸ்காரருக்கு ஒரு கணம் மைத்துனியின் முகம் ஞாபகம் வந்தது. வேலை போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பதும் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு கணம்தான். பேனாவைத் திறந்தார். முதல் பாத்தியிலிருந்து பன்னிரண்டாவது பாத்திவரை பன்னிரண்டு பெயரையும் முத்து முத்தாக எழுதி, கீழே இருபது வருடமாகப் போடுகிற அந்தக் கையெழுத்தை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

சகலை அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டப் போனார். மூலையில் நின்ற நாற்றுக்காரம்மா ஓடிவந்து குறுக்கே நின்றுகொண்டார்.

"அவரை அனுப்பாதீங்க மேடம், அவர் எழுதினதுதான் சரி! பன்னெண்டு பொட்டலத்துல முளைச்சது ஒண்ணே ஒண்ணுதான், வேலை போயிடுமேன்னு பயந்து அதையேதான் நான் பிரிச்சுப் பன்னெண்டு தட்டுலயும் நட்டு வச்சேன்."